பின்னால் வந்த தீ

கடியபட்டணம். ஆவணிக் கடைசி. நிலா இல்லை.
பந்தை எடுக்கத்தான் போனேன்,
ராத்திரி பத்து மணிக்கு, யாரிடமும் சொல்லாமல்.

முட்டத்து லைட்ஹவுஸ் வெளிச்சம்
ஒருமுறை மணலைத் தடவிவிட்டுப் போனது.
அது போன பிறகுதான் பார்த்தேன்:
ஈரத்தில் நான் வைத்த காலடியில் நீலத் தீ.
இன்னொன்று வைத்தேன். அங்கேயும்.

கொள்ளிவாய்ப் பிசாசு என்றால்
வாயில்தானே கொள்ளி இருக்கும்?
இதற்கு வாயே இல்லை. என் கால்தான் இருந்தது.
ஓடினேன், ஓடிவந்தது.
நின்றேன்.
நின்று, அணைந்து, காத்திருந்தது.
பந்து யாருக்கு வேண்டும்!

"லே ஜெரோபின், அது கவருலே"
என்றாள் பக்கத்து வீட்டு டெல்பின்,
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்.
பிறகு தூக்கினாள்.
"எங்க? நெறைய கெடக்கா?"
செருப்புகூடப் போடாமல் ஓடினாள்,
ஒரு காலி சோடா பாட்டிலோடு.

பாட்டிலில் வெறும் கடல்தண்ணீர், கறுப்பாக.
குலுக்கினாள்.
அவள் முகம் நீலமாக வந்தது, போனது.
மாறி மாறிக் குலுக்கினோம்.
நாற்பதாவது தடவை மங்கிவிட்டது.
பிசாசுக்கும் இளைக்கும் என்று
எந்தப் பேய்க்கதையிலும் நான் கேட்டதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப்பில்
ஒரே ஒரு சொட்டு.
வெந்த ஜவ்வரிசிபோல உருண்டை, ஒற்றை வால்.
கண் கிடையாது, பல் கிடையாது,
மொத்த உடம்பும் ஒரு செல்.
அலை இடித்தால், கால் மிதித்தால்
உள்ளே இருக்கும் லூசிஃபெரின்
ஆக்சிஜனோடு சேர்ந்து மின்னுமாம், சூடில்லாமல்.
எதற்காம்?
தன்னைத் தின்ன வரும் குட்டிப் பூச்சியைப்
பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்க இருக்கலாம்,
இன்னும் ஆராய்கிறார்கள்.
"திருடன் திருடன்னு கத்துற மாதிரி"
என்றாள் டெல்பின்.

அப்படியென்றால் அந்த ராத்திரி
கரை முழுக்க என்னைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறது.
முப்பது கிலோ, அரைக்கால் சட்டை,
தொலைந்த பந்து.
அவற்றுக்குக் கதை சொல்லத் தெரிந்தால்
அதில் நான் எப்படி இருப்பேன்?
எத்தனை வாய்?

சனிக்கிழமை கடல் செம்மண் கலங்கலானது.
கவரு பெருத்துச் செத்து அழுக,
தண்ணீரில் மூச்சுக் காற்று தீர்ந்து
மீன்கள் வயிறு காட்டி ஒதுங்கின.
ரோமால்டு மாமா வெறும் வலையைக் கழுவிக்கொண்டு
யாரையோ வைதார்.
பயந்தவர்கள் எல்லாம் சும்மா பயப்படவில்லை.

பந்து இன்னும் கிடைக்கவில்லை.
நேற்று மறுபடி போனேன்.
குனிந்து, ஒற்றை விரலால்,
தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல்
தண்ணீரைத் தொட்டேன்.

அப்படியும் கத்தியது.