இடுப்பளவு

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"எலும்போட எலும்பு உரசுது" என்றார்
ராமநாதபுரம் டாக்டர்.
ஆபரேஷனுக்குச் சர்க்கரை இடம் கொடுக்காதாம்.
"இடுப்பளவு தண்ணியில தினம் அரைமணி நடங்க.
உங்க ஊர்ல தண்ணிக்கா பஞ்சம்?"

பஞ்சம்தான்.
குடம் பதினைந்து ரூபாய், லாரியில் வருகிறது.
அவர் சொன்னது மற்றதை.

மண்டபத்தில் பிறந்து அறுபத்தொன்பது வருடம்.
கணுக்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட்டதில்லை.
எங்கள் வீட்டு ஆண்கள் அதில் பிழைத்தார்கள்,
இரண்டு பேர் அதிலேயே தங்கிவிட்டார்கள்.
பெண்கள் கரையில் நின்று எண்ணினோம்
போன வள்ளம், வந்த வள்ளம்.
பிறகு நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தேன்,
முப்பத்தேழு வருடம்,
ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தபடி.
முழங்கால் அங்கேதான் துருப்பிடித்திருக்கும்.

முதல் நாள்,
நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தி
இருட்டு விலகுமுன்
திருடப் போகிறவள் மாதிரிப் போனேன்.
அங்கே ஏற்கெனவே இரண்டு தலைகள்.
மைமூன் பீவிக்கு இடுப்புத் தேய்மானம்.
முத்துராக்குக்கு ஒரு நோயும் இல்லை.
"சும்மாதான் வாரேன்.
வீடு எந்திரிக்கிறதுக்குள்ள ஒரு மணிநேரம்
எனக்குன்னு வேணும்ல?"

பெண்கடல் குளம்போலக் கிடந்தது.
தண்ணீருக்குள் எனக்கு எடையே இல்லை.
வலது கால் முன்னால் போனது,
இடது கால் அதை நம்பிப் பின்னால் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று
யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.
மாடிப்படி இன்னும் என் எதிரி.
ராத்திரி மூன்று தடவை எழுகிறேன்.
பி.பி. மாத்திரை போட்டேனா இல்லையா என்று
அட்டையை வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஆடி மாதம் ஒரு சொறிமீன்
மைமூனின் முழங்கையில் கோடு போட்டுவிட்டுப் போனது.
அவள் திட்டிய திட்டில்
காகங்கள் கலைந்தன.

மகன் சேசுராஜ் மஸ்கட்டில் இருக்கிறான்.
போன லீவில் வந்தபோது
என் அறையில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனான்.
அன்று ஈரத்தோடு வீட்டுக்குள் வந்ததும் போன்.
"மணி ஆறுக்குக் கட்டில்ல உங்களைக் காணோம்மா.
எனக்கு உயிரே போச்சு."
இத்தனை நாள்
கட்டிலில் என்னைக் கண்டபோதெல்லாம்
எனக்கும் அப்படித்தான் இருந்தது.
சொல்லவில்லை. "கடலுக்குப் போயிருந்தேன்" என்றேன்.
லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்குமளவு
அவன் பேசாமல் இருந்தான்.

ஐப்பசியில் வாடை எழுந்தது.
பெண்கடல் முரண்டு பிடித்துப்
பாசியைக் கரையெல்லாம் துப்பியது.
"இந்த வருசத்துக்கு இவ்வளவுதான்" என்று
துண்டை மடித்தேன்.
முத்துராக்கு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"படிச்சவ பேசுற பேச்சா?
முதுகுக்குப் பின்னால இன்னொரு கடல் கெடக்கு.
இவ சீறுனா அவன் படுத்துருவான்."

ஷேர் ஆட்டோவில் ஆளுக்குப் பத்து.
திரும்பி வர இருபது கேட்கிறான்,
சீட்டு நனைகிறதாம்.
மைமூன் பிளாஸ்டிக் சாக்கை விரித்து உட்கார்ந்து
பத்தே கொடுக்கிறாள்.

ஆண்கடலின் அடியில் கல் அதிகம்.
கைகோத்துத்தான் இறங்க வேண்டும்.
மைமூன் குள்ளம்,
என் இடுப்பளவு அவளுக்கு நெஞ்சுக்கு வந்துவிடும்.
அதனால் அவளை நடுவில் விட்டு
அவள் இடுப்பளவிலேயே நடக்கிறோம்.
எனக்குத் தொடைவரைதான் வருகிறது.

டாக்டரிடம் சொல்லவில்லை.