விழ உயரமில்லாத ஊர்

செபமாலை முடிந்து மதர் அனுமதித்த முக்கால் மணி நேரம்.
சிஸ்டர் பிலவேந்திரத்தின் அண்ணன் மகன்
பென்டிரைவில் போட்டுக் கொடுத்த நாடகம்:
மலையுச்சியில் ஒரு மடம், ஐந்து சகோதரிகள், பனி.

பனி எப்படி இருக்கும் என்று கேட்டாள் நவகன்னி செல்சி.
ஐஸ் பேக்டரிக்குக் கூரை இல்லாவிட்டால்
அப்படி, என்றார் மதர்.

மூன்றாம் பகுதியில் ஒருத்தி சன்னலைத் திறக்கிறாள்.
பள்ளத்தாக்கில் யாரோ விறகு பிளக்கும் சத்தம்.
அவ்வளவுதான்.
அடுத்த காட்சியில் அவளுக்குச்
செபத்தின் இரண்டாம் வரி மறந்துபோகிறது.
இவ்வளவு உயரம் மனுஷருக்கு ஆகாது
என்கிறாள் மடத்துத் தலைவி.

காரங்காட்டில் உயரம் என்று
கோவில் கோபுரத்தைச் சொல்லலாம்.
மற்றபடி உவர்மண், அலையாத்தி, சேறு.
கச்சான் காற்று மணலை அள்ளிவந்து
பீடத்துணி மடிப்பில் வைத்துவிட்டுப் போகும்.
நற்கருணைப் பேழையின் சாவிக்கு
மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய்.

வியாழக்கிழமை மருந்தகத்துக்கு எஸ்தாக்கி வந்தான்,
போட்டு எஞ்சின் பார்ப்பவன்.
உள்ளங்கையில் தூண்டில் முள்.
முன்னால் தள்ளி, நுனியைக் குறட்டால் நறுக்கி,
பின்னால் உருவினேன். படித்தபடிதான்.
இரண்டு தையல், ஒரு டி.டி. ஊசி.
கட்டுப் போட்டு முடித்த பிறகும்
அந்தக் கையை என் கை ஏன் வைத்திருந்தது
என்பது பாடத்தில் இல்லை.
அவன் கவனிக்கவில்லை.
"தண்ணி படலாமா சிஸ்டர்?"
கடலுக்குப் போகிறவனிடம்
படக்கூடாது என்றேன்.

எட்டாம் நாள் மருந்தகத்தில் பிலவேந்திரத்தின் முறை.
பத்தாம் நாள் என் முறை.
பத்தாம் நாள் வரச் சொல்லியிருக்கிறேன்.
மருத்துவப்படி அது தவறும் இல்லை.

திரையில் அவள் அரிக்கேன் விளக்கோடு
மலை விளிம்புக்கு வந்தபோது கரண்ட் போனது.
விழுவாள் என்றாள் செல்சி.
விழமாட்டாள், தலைப்பில் அவள் படம் இருக்கிறது
என்றார் பிலவேந்திரம்.
மதர் ஒன்றும் சொல்லாமல் மெழுகுவத்தி தேடினார்.

நான் கரைக்கு வந்து நின்றேன்.
வற்றுத்தண்ணீர்.
இந்தக் கடலில் மூழ்கவேண்டும் என்றாலும்
வெகுதூரம் நடக்கவேண்டும்,
கணுக்கால், கணுக்கால், இன்னும் கணுக்கால்,
திரும்பிவிட ஆயிரம் இடம் உண்டு.
அதுதான் எனக்குப் பயம்.

ஒன்றரை மணிக்கு டிவி தானாக எரிந்தது.
எல்லாரும் தூக்கம்.
விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா
என்று திரை கேட்டது.
ரிமோட் மதரின் தலையணைக்கு அடியில்.
அந்த நீல வெளிச்சத்தில்
நகத்தடியில் இருந்த டீசல் கறையைப் பார்த்தபடி
நின்றுகொண்டிருந்தேன்.