பன்னிரண்டு பிரேம்

பகலில் நான் தாலி கட்டுவிக்கிறவள்.
ஸ்ரான்லி வீதி, இரண்டாம் மாடி,
ஏசி வேலைசெய்யாத ஸ்ரூடியோ.
மேளம் உச்சத்துக்குப் போகிற இடத்தில் முடிச்சு விழவேணும்,
பின்னால் கொட்டாவி விடுகிற சித்தப்பா விழக்கூடாது.
முகூர்த்த மாதமெண்டால் நாளுக்கு மூண்டு சோடி.

இரவில் றொசாந்தனின் பாட்டு.

சிங்கிள் எண்டால் என்ன பிள்ளை, எண்டு முதலாளி கேட்டார்.
தனிப்பாடல், எண்டன்.
அப்ப காசு வராது, எண்டார்.
அவர் உயர்தரத்தில் தமிழ் படிச்சவர்.

மூண்டு நிமிசம் பன்னிரண்டு செக்கன்.
பீற்றுக்கு அடியில் கிடக்கிற அந்த இடி
குருநகர் ஐஸ் ஆலையில் கட்டி உடைக்கிற சத்தம்,
போனில் பிடிச்சது.
சங்கிலி கவரிங்.
கார், முதல்நாள் மாப்பிள்ளை ஏறின கார்;
பொனற்றில் செலோரேப்பும்
அதுக்குள் ஒரு மல்லிகையும்.
ஒவ்வொரு ஷொட்டாய்ப் போய்
அந்த மல்லிகையை அழிச்சன்.
ட்ரோன் எங்கடைதான். கலியாண வேலையெண்டு பொய் சொல்லி எடுத்தம்.
பண்ணைக் கடலுக்கு மேலே போய்
ஒரு பருந்து துரத்தத் திரும்பி வந்தது.

பாலத்து விளிம்பில் நிண்டு பாடுறான்:
பயம் என்ன விலை சொல்லு
கிலோக் கணக்கில் கட்டித் தா.

இரண்டு நிமிசம் நாலாவது செக்கன்.
'விலை' எண்ட சொல்லுக்கு வாய் திறக்குது,
கண் இடப்பக்கம் போகுது.
பன்னிரண்டு பிரேம். அரைச் செக்கனும் இல்லை.
உதடு தாளத்தில் நிக்குது, கண் நிக்கேல்லை.
தூரத்தில், ஹெல்மெற் கழற்றாத ஒருவர்
மோட்டார்சைக்கிளை நிப்பாட்டி
கையிலிருக்கிற கடதாசியைப் பார்க்கிறார்.

அக்கா, அதை வெட்டுங்கோ, எண்டான்.
ஆரது?
லீசிங்காரன். மூண்டு மாதம் கட்டேல்லை.

எத்தனை கண் வெட்டியிருப்பன்.
மணவறையில் இருந்துகொண்டு
மண்டப வாசலைப் பார்க்கிற பொம்பிளையளின் கண்ணை
வெட்டிப்போட்டு
அந்த இடத்தில் குத்துவிளக்கை வைப்பன்.
ஒருத்தரும் கேட்டதில்லை,
ஏன் இவ்வளவு விளக்கு எண்டு.

இதை வெட்டேல்லை.
பன்னிரண்டை நாற்பத்தெட்டாய் இழுத்தன்.
ஐஸ் உடைகிற சத்தத்தை எடுத்துவிட்டன்.
கண் போய் வருகிற வரைக்கும்
பாட்டில் ஒண்டுமில்லை, காத்து மட்டும்.

வெள்ளிக்கிழமை விட்டம்.
ஞாயிறு இரவு பாரிசிலிருந்து ஒருவர் அவனுக்கு எடுத்து
அந்தப் பார்வை, தம்பி,
முப்பது வரியம் அதுக்குள்ளை கிடக்கு
எண்டு அழுதாராம்.
றொசாந்தன் பிறந்தது இரண்டாயிரத்து நாலு.
ஓம் அண்ணை, எண்டானாம்.
வேறென்ன சொல்லுறது.
எனக்கும் பொய்யெண்டு சொல்ல வாய் வரேல்லை.
ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நிக்க
தலை அசையாமல் கண் மட்டும் போறதை
அந்தக் கண்ணுக்கு ஆர் பழக்கினது?
தாயின்ரை மடியிலோ, தகப்பன் கதவு திறந்த விதத்திலோ.
எனக்கும் அப்பிடித்தான் போகும்.

செவ்வாய்க்கிழமை சைக்கிளைத் தூக்கிவிட்டாங்கள்.
எங்கடை படிக்கட்டுக்குக் கீழேயே.
வீடியோவின் நாற்பதாவது செக்கனில்
நம்பர் பிளேற் பளிச்செண்டு கிடக்கு,
பின்னால் எங்கடை போர்ட்டும்.
மல்லிகையை அழிச்சவள்
அதை மறந்துபோனன்.
அவன் என்னை ஒண்டும் சொல்லேல்லை.
இப்ப மினிபஸ்ஸில் வாறான்,
போனை யன்னலுக்கு வெளியிலை நீட்டி,
அடுத்த பாட்டுக்கு, எண்டு.

போன கிழமை ஒருவர் படியேறி வந்தார்.
ஆவணி பதினாறு கலியாணம், அல்பம், வீடியோ, ட்ரோன்.
முற்பணத்தை இரண்டுதரம் எண்ணினார்.
எழும்பிப் போனவர்
ஹெல்மெற்றைக் கையில் வைச்சுக்கொண்டு திரும்பினார்.

அந்தப் பாலத்துப் பாட்டில்
தூரத்தில் நிக்கிறது நான்தான்,
முகம் சரியாய்த் தெரியேல்லை,
கொஞ்சம் தெளிவாக்க ஏலுமோ?

ரசீதில் பெயர் எழுதிக்கொண்டிருந்தன்.
நிமிரேல்லை.
கண் மட்டும் போனது.