நிம்தி

வேலை மெனக்கெட்டு டேப்பை நீட்டி அளந்தேன்.
மூக்கிலிருந்து வால்வரை பதினேழே முக்கால் அடி,
அகலம் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே.
பெருக்கினால் நூற்றுப் பதினேழு சதுர அடி.
எழுபத்தாறாம் வருஷத்து கேப்ரிஸ். ஒரு கார்.

அப்பாசியாவில் எங்கள் அறை பன்னிரண்டுக்குப் பத்து.
எட்டுப் பேர்.
மூன்று சதுர அடிதான் வித்தியாசம் என்றதற்கு
மேல் கட்டில் கதிர்வேலு கேட்டான்:
"அதுக்கும் தலைக்கு இருபது தினார் வாங்குறானா?"

ஷுவைக்கில் சீட்டுத் தைப்பவன் நான்.
இப்போதைய வண்டிகளில் ஆளுக்கொரு கிண்ணம்,
நடுவில் சுவர் மாதிரி ஒரு பெட்டி.
இதில் முன்னால் ஒரே சீட்டு,
இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை
டீக்கடை பெஞ்சு கணக்காக.
கியர்கூட ஸ்டீயரிங் கழுத்தோடு ஒதுங்கிக்கொள்ளும்.
பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து வந்தால்
தடுக்க ஒன்றும் கிடையாது.

பெட்ரோல் தண்ணீராய் ஓடிய நாளில் வார்த்த உடம்பு.
எட்டு சிலிண்டர்.
போனட்டைத் திறந்து குல்விந்தர் குனிந்தால்
தலைப்பாகை மட்டும்தான் தெரியும்.
டிக்கியில் ஸ்டெப்னி போக
ஒரு கிடாயும் இரண்டு அரிசி மூட்டையும் படுக்கும்.
கிடாய் படுத்த வாசனை இன்னும் இருக்கிறது.

முன் சீட்டுக்கடியில் கை விட்டுத் துழாவியதில்
பேரீச்சங்கொட்டை ஏழு,
நூறு ஃபில்ஸ் காசு ஒன்று,
துருப்பிடித்த கொண்டை ஊசி ஒன்று.
கொட்டையை மட்டும் கொட்டினேன்.

பிப்ரவரி இருபத்தைந்துக்குள் வேண்டும் என்றிருந்தார் அபு மிஷாரி.
தேசிய தினத்துக்குக் கடற்கரைச் சாலையில்
பேரன்கள் கொடி பிடித்து ஓட்டுவார்களாம்.
பின் சீட்டை முடித்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது.
எலும்புக்குள் ஏறும் குளிர்.
நான் தைத்த சீட்டு,
அன்று சாயங்காலம்தான் தைத்தது,
முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும்.
வந்த ஆறு வருஷத்தில்
தலைக்கு மேலே ஒருவன் புரளாமல்
நான் படுத்த முதல் ராத்திரி.

மூன்று மணி இருக்கும்.
முன்கதவு திறந்தது. மாற்றுச் சாவி வைத்திருந்திருக்கிறார்.
ஊது வாசனை, இருமல், அபு மிஷாரி.
போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
போலீஸ், விசா, ஊரில் கட்ட வேண்டிய சீட்டுப் பணம்,
எல்லாம் வரிசையாய் வந்துபோனது.

அவர் எஞ்சினைத் தொடவில்லை.
வலது கையை நீட்டிக்
காலியான பாதியில் வைத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
"நிம்தி?" என்றார்.

என் காதில் நிம்மதி என்று விழுந்தது.
அப்புறம்தான் உறைத்தது.
தூங்கிட்டியா.
அரபியில் எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்று
வினைச்சொல்லே சொல்லிவிடும்.
கடைசியில் அந்த 'தி'.
ஒரு பெண்ணைக் கேட்கிறார்.

இல்லை என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு.

மறுநாள் முன் சீட்டைப் பிரித்தேன்.
வலப்பக்கத்துப் பஞ்சில் ஒரு பள்ளம்,
கிண்ணி அளவுகூட இராது,
கதவைவிட்டு மிகவும் தள்ளி,
ஓட்டுபவர் தோளுக்குப் பக்கத்தில்.
இடப்பக்கத்துக்குப் புதுப் பஞ்சு வைத்தேன்.
அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.
ஊசியை உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே செருகி,
முனை குத்தாதபடி துணி சுற்றி, தைத்து மூடினேன்.

"தாசையா, ஒரு பக்கம் தாழுதே, கண்ணு போச்சா?"
குல்விந்தர் கத்தினான். அரை நாள் கூலி பிடித்தான்.
அபு மிஷாரி வந்தார், உட்கார்ந்தார்,
கையை நீட்டினார்,
என்னை ஒருமுறை பார்த்தார்.
"ஜைன்" என்றார். அவ்வளவுதான்.
தெரிந்ததா தெரியவில்லையா,
எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிரவு என் இரண்டரை அடியில் கிடந்தேன்.
மேலே பலகை கிறீச்சிட்டது.
"தூங்கிட்டியா?" என்றான் கதிர்வேலு.
நம் பேச்சில் அந்தக் கேள்விக்கு
ஆண், பெண் கிடையாது.

"இல்ல" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.