ஓடிப் பார்த்தல்

பரந்தன் சந்தியில் பார்த்த முதல் கார்
வெளியே கல்யாணச் சிவப்பு.
டிக்கி விரிப்பைத் தூக்கினால்
களனி வெள்ளத்தின் சேறு
கோடு போட்டுக் காய்ந்திருந்தது.
"கழுவேக்கை பட்டது" என்றான் விற்பவன்.
செபநேசன் அதை விரலில் எடுத்து
மூக்கில் வைத்துப் பார்த்தான்.
பிறகு போய்
மோட்டர்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினான்.

இரண்டாவது விசுவமடுவில்.
கொழும்பில் ஒரு டொக்டரம்மா
வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓடினதாம்.
இந்தப் பக்கம் விலைக்கு வருகிற
எல்லாக் காரையும் ஓடினது
அதே டொக்டரம்மாதான்.
எந்த நேரம் நோயாளியைப் பார்த்தாவோ.
மீற்றரில் நாற்பதாயிரம்.
பிரேக் மிதியின் றப்பரோ
தேய்ந்து தேய்ந்து
வழுக்கைத் தலையாய் மினுங்கியது.

மூன்றாவது, கொக்காவிலில்.
வெள்ளை மார்ச். ஓட்டோமற்றிக்.
குலவீரசிங்கம் என்பவர் பொனற்றைத் திறந்து
செபநேசனுக்கே எல்லாம் விளங்கப்படுத்தினார்:
பற்றரி புதிது, ஒயில் போன மாதம் மாற்றினது,
தம்பி ஓடிப் பாருங்கோ.
"அக்காதான் வாங்கிறா" என்றான் அவன்.
திறப்பு அந்தரத்தில் கொஞ்சம் நின்று
என்னிடம் வந்தது.
"அப்ப நீங்கள் ஓடிப் பாருங்கோ, பிள்ளை."

பதினைந்து வருடமாக
ஒருவரும் என்னை ஓடச் சொன்னதில்லை.

கொண்டுவந்த முட்டைத் தட்டைப்
பின் சீற்றில் வைத்தேன். முப்பது முட்டை.
இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க
வாசல் தகரத்தில் டொக் என்றது.
தசை அப்படிச் சத்தம் போடாது.
வன்னியில் அதை ஒருவருக்கும்
விளங்கப்படுத்தத் தேவையில்லை.
குலவீரசிங்கம் வானத்தைப் பார்த்தார்,
மழை வரும்போல என்றார்.
வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஏ-ஒன்பதில் ஏறினோம்.
இடது கால் பாய் விரிப்பில் சும்மா கிடந்தது,
வேலைக்குப் போகாத மருமகனைப் போல.
பக்கச் சில்லுப் பூட்டின ஸ்கூட்டரில்
பன்னிரண்டு வருடம்
கடை கடையாய் முட்டை போட்டவள் நான்.
மழை வந்தால்
றெயின்கோட் தட்டுகளுக்குத்தான்.
இப்போது கண்ணாடி ஏற்றினால்
காற்றுக்கூட என்னைக் கேட்டுத்தான் வருகிறது.

ஹோர்ன் வேலை செய்தது.
றோட்டில் படுத்திருந்த மாடுகளுக்குத்தான்
காது வேலை செய்யவில்லை.
நாற்பது தொட்டதும்
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது
ஓர் உதறல்.
தூங்குகிறவளின் தோளில்
யாரோ தட்டினதுபோல.
திரும்பவும் நாற்பது. திரும்பவும் தட்டு.
செபநேசன் றேடியோவை நிற்பாட்டினான்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி
நிற்காமல் போன வாகனமில்லை.
ஆகவே பிரேக்கை அங்கே சோதித்தேன்.
நேராய் நின்றது, இழுக்கவில்லை.
கச்சான் விற்கிறவ
இரண்டு பைக்கற்றோடு ஓடி வந்தா.
ஒன்று வாங்கினோம்.
பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கவில்லை,
அவர் கியர்பொக்ஸ் பார்ப்பவரல்ல.

திரும்பி வந்து தட்டை வெளியே எடுத்தோம்.
குலவீரசிங்கம் என் காலைப் பார்த்தார்.
செபநேசன் முட்டைகளைப் பார்த்தான்.
"சரி பிள்ளை, உங்களுக்காக
இருபத்தையாயிரம் விடுறன்."
"எதுக்கு ஐயா?"
அவர் வாய் திறந்தார், மூடினார்,
செருப்பால் மண்ணைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"அந்த இருபத்தைந்தையும் திரும்ப ஏத்துங்கோ.
கியர்பொக்ஸுக்கு எண்பது குறையுங்கோ.
உடைஞ்சது இரண்டு, பாருங்கோ."

குனிந்து பார்த்தார். எண்ணினார்.
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து
"அறுபது" என்றார், கோபத்தோடு.
எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது.
எழுபதில் நின்றோம்.

உடைந்த இரண்டையும் வீணாக்காமல்
அவர் மனைவி வெங்காயம் போட்டுப் பொரித்து
பாணோடு கொண்டுவந்து வைத்தா.
எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு
வாகனப் புத்தகத்தைப் புரட்டினேன்.
எனக்கு முன்னால் ஐந்து பேர்.
நாலாவது பெயருக்கு முன்னால்
உண்மையாகவே டொக்டர் என்று இருந்தது.