சிவந்த இடம்

இரவு வேலை முடிந்த ஞாயிறு.
நூற்றெழுபத்தாறில் ஏறியவள்
பொரளை தாண்டுமுன் நித்திரையாகிவிட்டேன்.
நாவலையில் கண்டக்டர் கம்பியைத் தட்டி
"மிஸி, கெம்பஸ்" என்றான்.
சீருடை பைக்குள் மடித்துக் கிடந்தது.
எப்படித் தெரிந்ததோ.
டெட்டோல் மணத்திருக்கும்.

இருபத்திரண்டு வருடம் ஊசி பிடித்த விரலில்
பேனை வழுக்குகிறது.
ரிஸ்மியா ரொஸ்டர் தாளின் பின்பக்கத்தில்
குறிப்பெடுக்கிறாள்.
முன் கதிரையில் சந்திமா
கண் திறந்தபடி உறங்குகிறாள்,
ஐ.சி.யு. தந்த வித்தை அது,
அதற்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை.

"நோகுதா" என்று
இரண்டு மொழியில் கேட்க எனக்குத் தெரியும்.
மூன்றாவது மொழியில்
நோவுக்கு வரைவிலக்கணம் எழுதச் சொன்னார்கள்.
இரவு மூன்று மணிக்கு
வளர்ந்த ஆம்பிளை தாயைக் கூப்பிடும் தொனி,
என்று எழுதினேன்.
சிவப்பு மையில் ஒற்றைச் சொல் திரும்பி வந்தது:
ஆதாரம்?

சிரித்தோம் கன்ரீனில்.
எங்கள் மகள் வயது லெக்சரர்,
ஒரு பெட்பானாவது தூக்கியிருப்பாளா என்றோம்.

பிறகு தோல் பராமரிப்புப் பாடம் வந்தது.
படுக்கையில் கிடப்பவரின் முதுகில் சிவந்த இடத்தைத்
தேய்க்கக் கூடாதாம்.
உள்ளே நொந்திருக்கும் இழையம்
தேய்த்தால் இன்னும் கிழியுமாம்.

பதினாலாம் கட்டில்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய செபமாலை அண்ணன்.
ஸ்பிரிட் தொட்டு, பவுடர் போட்டு,
நாளைக்கு மூன்று தரம்
வட்டம் வட்டமாய் நான் தேய்த்த முதுகு.
"உன்ர கை குளிர்ச்சி, தங்கச்சி" என்பார்.
மூன்றாம் கிழமை புண் திறந்தது.
எலும்பு தெரிந்த அன்று
லினன் அறைக்குள் போய் அழுதேன்,
இன்னும் நல்லாய்த் தேய்த்திருக்க வேணும் என்று.

கை உயர்த்தினேன்.
இது எப்ப கண்டுபிடிச்சது, மிஸ்?
அவள் திரையை மேலே தள்ளினாள், இன்னும் மேலே.
பிறகு மெதுவாகச் சொன்னாள்,
நீங்கள் வேலைக்கு வருவதற்கு முன்பு.

வகுப்பில் முப்பத்தொரு பேர்.
ஒருத்தியும் இருமவில்லை.
சந்திமா உண்மையாகவே விழித்திருந்தாள்.
ரிஸ்மியா மேசைக்கடியில்
தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

திங்கள் பின்னேரம், பார்வையாளர் நேரம்.
கொட்டாஞ்சேனைக் கிழவி, ஆறாம் கட்டில்,
இடுப்புக்குக் கீழே
ரம்புட்டான் தோல் போல ஒரு சிவப்பு.
மகள் பவுடர் பேணியோடு நிற்கிறாள்.
என் கை பழக்கத்தில் கிளம்பி
ஒரு விரற்கடை முன்னால் நின்றது.
அழுத்திப் பார்த்தேன்.
வெளிறி, மெல்லச் சிவந்தது.
இன்னும் நேரமிருக்கிறது.

பக்கம் சரித்து
முதுகுக்குப் பின்னே தலையணை செருகினேன்.
"தேய்க்கேல்லயா, மிஸி?"
இல்லை.
"போன தரம் வந்தப்ப நீங்கள்தானே தேய்ச்சனீங்கள்."
ஓம். நான்தான்.
"இப்ப கூடாதெண்டு ஆர் சொன்னது?"

புத்தகத்தின் பெயர் வாயில் வந்தது,
ஆண்டும் பக்கமும் கூட.
பதினாலாம் கட்டில் சொன்னது, என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
பேணியை மூடவும் இல்லை.

சார்ட்டில் ஐந்து பத்து என்று எழுதினேன்.
ஏழு பத்துக்கு மற்றப் பக்கம்.