நாலாவது மணித்தியாலம்

மொன்றியல். பெப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே இரண்டு கிண்ணங்கள், இளஞ்சூட்டில்.
ஒவ்வொன்றிலும் எலி மூளையின் ஒரு சீவல்,
வெட்டிய நகத்தின் அளவு,
குமிழி விடும் உப்புநீரில் உயிரோடு.
எலி காலையிலேயே இல்லை.

மின்சாரம் கொடுக்கிறேன். நாலு முறை,
ஐந்தைந்து நிமிட இடைவெளியில்.
திரையில் இரண்டு கோடுகளும் எழும்புகின்றன
இனி விழுவதில்லை என்பது போல.

கலத்தின் கரு வெகு தொலைவு.
அங்கே சொல்லியனுப்பி, அனுமதி வாங்கி,
அதற்குள் விஷயம் ஆறிப்போகும்.
ஆகவே கிளை நுனிகளுக்கு
முன்கூட்டியே வந்து கிடக்கிறது சரக்கு:
பொட்டலம் பொட்டலமாய் ஆர்.என்.ஏ.,
வாய் கட்டிய கட்டளைகள்,
பக்கத்தில் வேலையில்லாமல் குந்தியிருக்கும் ரைபோசோம்கள்.
கல்சியம் உள்ளே பாய்ந்ததும்
பூட்டுப் போட்டிருந்த புரதம் விலகுகிறது.
வாசிப்பு. கோர்ப்பு. புதுப் புரதம்.
தட்டப்பட்ட முள்ளுக்கு மட்டும்;
அடுத்த முள்ளுக்குச் செய்தியே போகாது.

ஆறாம் கிண்ணத்தில் அப்படி.
ஏழாவதில் முன்னரே அனிசோமைசின் ஊற்றிவிட்டேன்,
எவரும் கோர்க்க முடியாதபடி.

முதல் மணித்தியாலம் வித்தியாசமே இல்லை.
கையிலிருப்பதை வைத்துச் சமாளிக்கிறது,
மாசக் கடைசி வீடு மாதிரி.
மூன்றாவதில் சரிகிறது.
நாலாவதில் பழைய இடம்.
நடந்ததுதான். தங்கவில்லை.

பெனுவாவின் தம்பிக்கு
அந்தப் பூட்டுப் புரதமே பிறவியில் இல்லை.
யாரும் தட்டாமலே வாசிப்பு நடக்கும்,
இரவு பகலாய், தேவைக்கு மேல்.
பார்க் ஸ்டேஷனில் ரெயில் நுழையும்போது
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
சுவரோடு ஒட்டி நிற்பான்.
பெனுவா ஏன் இந்த வேலைக்கு வந்தான் என்று
நாங்கள் கேட்பதில்லை.
அவன் என் சோற்றுப் பெட்டியை எட்டிப் பார்த்து
இன்றைக்கும் கத்தரிக்காயா என்கிறான்.

ஆறு பத்துக்கு ரஜீவன் போன் எடுத்தான்.
கறி சூடாக்கவா என்றுதான் தொடங்கினான்.
பிறகு, கோபமே இல்லாமல்:
‘நீ பிந்தி வாறது எனக்குப் பழகிப்போச்சு.’
ம் என்றேன்.
குழாயில் காற்று அடைத்திருந்தது,
அதைச் சரிசெய்யப் போனேன்.

இப்போது பத்தே கால்.
கிண்ணங்களைக் கழுவுகிறேன். சீவல்கள் மஞ்சள் பைக்குள்.
மருந்துச் சீசாவை, மண்டையோட்டுப் படம் முன்னால் தெரிய,
அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறேன்.
கொப்பியில் எழுதுகிறேன்:
ஏழு, மறிப்பு முழுமை. ஆறு, இன்னும் நிற்கிறது.

கோட்டை மாட்டிக்கொண்டு
அந்த வசனத்தை ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.
ஒரு சொல்லும் குறையவில்லை.
‘எனக்கு’ என்ற இடத்தில் அவன் விட்ட மூச்சுக்கூட
அப்படியே இருக்கிறது.